சங்கிலி கண்டக்டர் வீட்டுச் செக்கர்

"உள்ள போ, உள்ள போ. நடுவுல அம்புட்டு எடம் கெடக்குல்ல? வாசல்லயே நின்னா பின்னால வர்றவன் எங்கிட்டுப் போவான்?"

இப்படி அதட்டிவிட்டுச் சங்கிலி உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார். தட்டு வாங்குவது டவுன் பஸ்ஸின் தகரம் அல்ல. அவர் வீட்டு முன்னறையில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணாடித் தொட்டி. அதட்டு வாங்குகிறவர்களும் பயணிகள் அல்லர். தீனி விழும் மூலையில் முண்டியடிக்கும் மீன்கள். காக்கிச் சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் தீனி டப்பாவோடு, காலை டியூட்டிக்குப் போகும் முன்பு அவர் நடத்துகிற முதல் டிரிப் அது.

இரண்டாவது டிரிப்புதான் பெரியார் நிலையத்திலிருந்து பரவைக்கு. செல்லூரில் எங்கள் கீழ்வீட்டில் குடியிருக்கிறார். ஆள் ஒல்லி. பஸ்ஸுக்குள் பிடித்துக்கொள்ள நட்டிருக்கும் கம்பிக்குக் காக்கி மாட்டியது போல இருப்பார். அவரையே கம்பி என்று நினைத்து ஒரு பாட்டி விளாங்குடி வரைக்கும் பிடித்துக்கொண்டு வந்ததாகச் சொல்வார்கள். விரலிடுக்குகளில் கலர் கலராக டிக்கெட்டுக் கட்டு, நாக்கு நுனியில் எப்போதும் ஈரமாக ஒரு கட்டைவிரல், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு விசில். பையையும் டிக்கெட்டையும் டெப்போவில் ஒப்படைத்துவிட்டு வருகிறவர் விசிலை மட்டும் ஒப்படைப்பதில்லை. குளிக்கும்போதும் கழற்றுவதில்லை.

வீட்டில் அவர் பாதி நேரம் பேசுவதே அதில்தான். தட்டில் இட்லி விழுந்துகொண்டிருக்கும்போது ஒரு விசில் கொடுத்தால் போதும் என்று பொருள். இரண்டு கொடுத்தால், வரட்டும், இன்னும் வரட்டும். அவர் மனைவி பாண்டியம்மாள் கரண்டியோடு நின்று கேட்பார்: "வாயில என்ன கொழுக்கட்டையா இருக்கு? போதும்னு ஒரு வார்த்த சொன்னா முத்து உதிந்துருமோ?" சங்கிலி பதிலுக்கு இரண்டு விசில் கொடுப்பார். இன்னொரு இட்லி வரும்.

சங்கிலியிடம் ஒரு பெருமை உண்டு. சர்வீஸில் சேர்ந்த நாளிலிருந்து எந்த நிறுத்தத்திலும் ஓர் ஆளைக்கூட விட்டுவிட்டுப் போனதில்லை. 'பின்னால வண்டி வருது' என்று சொல்லிக் கை காட்டிவிட்டுப் போகும் கண்டக்டர்களை அவர் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. "எடம்ங்கிறது பஸ்ஸுலயா இருக்கு? மனசுல இருக்கு மாடிம்மா" என்பார் என்னிடம். அந்த மனசுக்குள் நானும் ஒருமுறை சந்தை நேரத்தில் ஏறினேன். பரவை போய்ச் சேரும் வரை என் கால் இரண்டும் தரையில் படவில்லை. டிக்கெட் எடுத்ததற்கே வெட்கமாக இருந்தது. நான் எங்கே பயணம் செய்தேன், என்னையல்லவா சுமந்து போனார்கள்! தக்காளிக் கூடையோடு ஏறிய அம்மாள் ரசத்தோடு இறங்கினார். என் அருகில் இருந்தவர் முதுகு அரிக்கிறதென்று சொறியத் தொடங்கினார். எவ்வளவு சொறிந்தும் அரிப்பு நிற்கவில்லையே என்று திரும்பிப் பார்த்தால், சொறிந்துகொண்டிருந்தது வேறொருவர் முதுகை. அந்த வேறொருவர், "நல்லா இருக்குண்ணே, இன்னுங் கொஞ்சம் மேல" என்றார். அப்படிப்பட்ட பஸ்ஸிலும் கண்டக்டர் சீட் என்று ஒன்று உண்டு. அதில் சங்கிலி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. யாராவது வயிற்றுப்பிள்ளைக்காரி, யாராவது கைக்குழந்தைக்காரி, அவர்களும் இல்லாவிட்டால் ஒரு மூட்டை வெங்காயம்.

மீன் அவரிடம் வந்து சேர்ந்ததும் பஸ்ஸில்தான். யாரோ கடைசி சீட்டுக்கு அடியில் தண்ணீர் கட்டிய பிளாஸ்டிக் பை ஒன்றை மறந்துவிட்டு இறங்கிப்போனார்கள். உள்ளே சுண்டுவிரல் நீளத்தில் கறுப்பாக ஒரு குஞ்சு. வயிறு வெள்ளை, வால் சிவப்பு, முகத்தில் மட்டும் வயதுக்குப் பொருந்தாத நீண்ட மீசை. அடுத்தடுத்த டிரிப்புகளில், "மீனு யாருது, மீசை வச்ச மீனு யாருது?" என்று கூவிப் பார்த்தார். உரிமை கொண்டாடி யாரும் வரவில்லை. டெப்போவில் ஒப்படைக்கப் போனால், குடை, டிபன் பாக்ஸ், ஒற்றைச் செருப்பு வரைக்கும் வாங்கி வைக்கிறவர்கள் இதை வாங்க மாட்டோம் என்றார்கள். இறக்கிவிடுகிற பழக்கம் சங்கிலிக்கு இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

மீசையைப் பார்த்ததும் பெயர் கிடைத்துவிட்டது. அவர் ரூட்டில் திடீர் திடீரென்று ஏறுகிற டிக்கெட் பரிசோதகருக்கு இதே மீசையாம். ஆகவே மீனுக்குப் பெயர் செக்கர். அதற்குத் தீனி போடும்போது சங்கிலி தன்னையறியாமல் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார்.

தொட்டி வாங்க அறுபதடி ரோட்டில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் இம்மானுவேலிடம் போனார். காய்கறிக்குப் போன நானும் வேடிக்கை பார்க்க நின்றேன்.

இம்மானுவேல் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அண்ணே, இது செவப்பு வால் கேட்ஃபிஷ். இதையா வளக்கப் போறீங்க?"

"ஏன், அதுக்கென்ன?"

"இது வளரும்ணே."

"எம்புட்டு வளரும்?"

இம்மானுவேல் தன் கையை நீட்டி, விரல் நுனியில் தொடங்கி, முழங்கை தாண்டித் தோள்பட்டையைத் தொட்டுக் காட்டினார்.

சங்கிலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், கண்டக்டர் தொழில் அப்படி. ஊரில் இருக்கும் தாய்மார்கள் எல்லாம் மீசை அரும்பிய பையனை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு, 'அஞ்சு வயசுதாண்ணே ஆகுது' என்று அவரிடம் சொல்கிறவர்கள். "இந்தாப்பா இம்மானுவேலு, ஊரே சின்னது சின்னதுன்னு சொல்லி என்னைய ஏமாத்தும். நீ ஒருத்தன்தான் பெருசுன்னு சொல்லி ஏமாத்தப் பாக்குற. பெரிய தொட்டியத் தலையில கட்டுறதுக்குத்தான? இது அர டிக்கெட்டு. அர டிக்கெட்டுக்கு ரெண்டடி போதும்."

"நீளத்த விடுங்கண்ணே, அகலத்தப் பாருங்க. நாளைக்கு அது திரும்பணும்ல?"

"நாளைக்கு வளந்தா நாளைக்கு ஃபுல் டிக்கெட்டு. இன்னைக்கு என்ன ஒசரமோ அதுக்குத்தாம்ப்பா இன்னைக்குக் கணக்கு. சரி, தனியா இருந்தா சடைஞ்சு போகும், தொணைக்கு நாலு உருப்படி குடு."

இம்மானுவேல் தலையில் கை வைத்தார். "அண்ணே, அது வாய்க்குள்ள போற சைஸுல எதையும் பக்கத்துல விட்றாதீங்க. இந்தச் சாதிக்குத் தொணையும் ஒண்ணுதான், டிபனும் ஒண்ணுதான்."

"அதெல்லாம் பழகிரும். ஒரு பஸ்ஸுல ஏறுனவுங்க ஒருத்தர ஒருத்தர் கடிச்சா தின்னுர்றாங்க?"

தொட்டி வந்தது. பஸ் படிக்கட்டுக்குப் பக்கத்தில் பிள்ளைகளின் உயரம் பார்க்க ஒரு கோடு போட்டிருப்பார்களே, அதைப் போலக் கண்ணாடியின் ஒரு பக்கம் பாண்டியம்மாளின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினார் சங்கிலி. மூக்கை மூலையில் வைத்துச் செக்கர் படுத்தால், வால் அந்தப் பொட்டைத் தொடும் வரை அரை டிக்கெட். பிறகு ஆட்களை ஏற்றத் தொடங்கினார். காற்றுக் குமிழி வரும் இடத்தில் கப்பி என்கிற பொடி மீன்கள். அவை காலேஜுப் பையன்கள், படிக்கட்டை விட்டு உள்ளே வரமாட்டார்கள். கறுப்பு மோலி மீன்கள் சந்தைக்குப் போகிறவர்கள். வரிக்குதிரை போலக் கோடு போட்டு அலைந்துகொண்டே இருக்கும் ஒரு கூட்டம். அவர்கள் ஸ்டாப் தெரியாமல் ஏறியவர்கள். விளக்குக்குக் கீழே, முன்பக்கம், லேடீஸ் சீட்டில் லெச்சுமி.

லெச்சுமி பாண்டியம்மாளின் மீன். நல்ல ஆரஞ்சுப் பழத்துக்கு வால் முளைத்தது போன்ற தங்கமீன். முன்னறையில் தங்கமீன் இருந்தால் வீட்டுக்கு நல்லது என்று யாரோ சொல்லி, ஒரு வெள்ளிக்கிழமை பார்த்துப் பாண்டியம்மாள் தாமே போய் வாங்கிவந்தது. ஜன்னலோரம் தையல் மிஷின் போட்டுப் பள்ளிக்கூட யூனிபாரம் தைக்கிறவர் அவர். மிதியை மிதித்துக்கொண்டே லெச்சுமியோடு பேசுவார். லெச்சுமியும் விரல் நுனியிலிருந்து தீனி வாங்கித் தின்னும். சங்கிலியின் விசிலுக்கு இல்லாத மரியாதை அந்த வீட்டில் லெச்சுமிக்கு இருந்தது.

கொஞ்ச நாளில் கப்பிகள் குறைந்தன.

"எறங்கிருச்சுகளோ?" என்றார் சங்கிலி. டிவிக்குப் பின்னால் பார்த்தார். மிஷினுக்கு அடியில் விளக்குமாற்றை விட்டுத் துழாவினார். இரண்டு பாபினும், காணாமல் போயிருந்த என் மூக்குக்கண்ணாடியும் கிடைத்தன. கப்பி கிடைக்கவில்லை. மறுபடி கடைக்குப் போய் வேறு ஆட்களை ஏற்றினார். அவர்களும் இறங்கிவிட்டார்கள். அப்போதுதான் அவர் பார்வை மாடிப் படியில் உட்கார்ந்து முகம் துடைத்துக்கொண்டிருந்த என் பூனையின் மீது விழுந்தது.

"மாடிம்மா, தப்பா நெனைக்கக் கூடாது. ஒங்க பூனையக் கொஞ்சம் விசாரிக்கணும்."

விசாரணை முடியும் வரை என் பூனை மாடி அறையில் அடைபட்டது. விடிந்து பார்த்தால் மோலிகள் இரண்டைக் காணோம். பூனை நிரபராதி என்று விடுதலையானது. ஒரு மன்னிப்புக்கூடக் கிடையாது. அதிலிருந்து அது சங்கிலியைக் கண்டால் வாலை ஒருமாதிரி திருப்பிக்கொண்டு போகும். உள்ளேயோ, செக்கர் அடித்தரையில் அசையாமல் படுத்திருந்தது, ஆடி விருந்துக்கு மாமியார் வீடு போய்வந்த புதுமாப்பிள்ளை போல. வால் பொட்டைத் தாண்டி எவ்வளவோ போயிருந்தது. பொட்டை எடுத்து எடுத்துத் தள்ளி ஒட்டி, ஒரு கட்டத்தில் ஒட்டக் கண்ணாடி மிஞ்சவில்லை.

"ஏங்க, அந்த மீசக்காரப் பயதான் திங்கிறான்" என்றார் பாண்டியம்மாள்.

"செக்கரு டிக்கெட்டக் கேப்பாரு. ஆளத் திம்பாரா?" என்றார் சங்கிலி. வாய் அப்படிச் சொன்னாலும் முகம் வேறு சொன்னது. ஏற்றிவிட்ட பயணிகளை ஒரு கண்டக்டர் அப்படித் தொலைத்துவிட்டு நின்று நான் பார்த்ததில்லை. இம்மானுவேல் கடையிலும் வரவேற்பு மாறிவிட்டது. "அண்ணே, நான் மீனு விக்கிறேனா, தீனி விக்கிறேனான்னு எனக்கே தெரியல. கர்த்தருக்கு நான் பதில் சொல்லணும். போயிட்டு வாங்க" என்று கும்பிட்டு அனுப்பினார்.

நாலடித் தொட்டி வாங்கினால் சரியாகும் என்று சங்கிலிக்கு யோசனை. முன்னறையில் நாலடி இடம் ஒன்றுதான் உண்டு. அதில் தையல் மிஷின் இருந்தது. "அந்தப் பேச்சே வேணாம். மிஷினு நகந்தா நானும் நகந்துருவேன், பேரையூருக்கு" என்று பாண்டியம்மாள் சொன்னதும் யோசனை முடிந்தது.

பேரையூர் என்று சொன்னது காதில் விழுந்தது போல அவர் அண்ணன் மலையாண்டி அங்கிருந்து வந்து இறங்கினார். கரிசல் காட்டுச் சம்சாரி. மழை பெய்து கண்மாய் நிறைந்தால்தான் அவருக்கு மீன் என்பதே கண்ணில் படும். வந்தவர் குடிக்கத் தண்ணீர்கூட வாங்காமல் தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். செக்கர் அவரைப் பார்த்தது. அவர் செக்கரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் உப்பு, புளி, மிளகாய் எல்லாம் சரியாக இருந்தன.

"மாப்ள, இது கெளுத்திதான?"

"கெளுத்திச் சாதிதான் மச்சான். ஆனா வெளிநாடு."

"எந்த நாடா இருந்தா என்ன? புளிக்குத் தெரியவா போகுது?"

"மச்சான்!"

"இல்ல மாப்ள, கண்ணாடிக்குள்ளயே இம்புட்டு அழகா இருக்கே, சட்டிக்குள்ள எம்புட்டு அழகா இருக்கும்னு யோசிச்சேன்."

சங்கிலி எழுந்து போய்த் தொட்டிக்கும் மச்சானுக்கும் நடுவில் நின்றுகொண்டார். பாண்டியம்மாள் மிஷினை நிறுத்தினார். அந்த மிஷின் நின்றால் வீட்டில் ஏதோ தீர்ப்பு வரப்போகிறது என்று அர்த்தம். "அண்ணே, நீ கொஞ்சம் பொறு. தொட்டியில இப்ப மிச்சம் இருக்கது லெச்சுமி ஒருத்திதான். அவ ஒடம்புல ஒரு செதிலு கொறையட்டும், அன்னைக்கே நானே இவன ஒஞ் சட்டியில எடுத்துப் போடுறேன். மாடிம்மா சாச்சி."

நான் சாட்சியானேன். மலையாண்டி ஊருக்குத் திரும்பவில்லை. உழவு வேலை ஒன்றும் இல்லை, இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்றார். அவர் கொண்டுவந்த மஞ்சள் பையில் அவர் வீட்டு மரத்துப் புளி இருந்தது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டோம்.

சங்கிலிக்கு டியூட்டியில் புத்தி தங்கவில்லை. சில்லறை கேட்டவருக்கு டிக்கெட்டும், டிக்கெட் கேட்டவருக்கு விசிலும் கொடுத்தார். ஒற்றை விசில் கொடுக்க வேண்டிய இடத்தில் இரண்டு கொடுத்து, விளாங்குடியில் இறங்க வேண்டியவர்களையெல்லாம் பரவைச் சந்தைக்கே கொண்டுபோய் விட்டாராம். அவர்களும் வந்தது வந்தோம் என்று கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு திரும்பினார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை சங்கிலிக்கு எண்ணெய்க் குளியல். கொல்லைப்புறத்தில், எங்கள் வீட்டில் நூலுக்குச் சாயம் போட்ட காலத்துச் சிமெண்டுத் தொட்டி ஒன்று தகரக் கூரைக்கடியில் சும்மா கிடந்தது. ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம், புரண்டும் படுக்கலாம். அதில் வெந்நீர் ஊற்றி, உடம்பெல்லாம் எண்ணெயோடு, கழுத்தில் விசிலோடு, தலையைத் திண்டில் சாய்த்துக்கொண்டு அவர் மிதப்பார். வாரம் முழுக்க நின்றுகொண்டே போகிற மனிதர் உட்காருகிற ஒரே இடம் அதுதான்.

அன்று மிதந்துகொண்டிருக்கும்போது முன்னறையில் பாண்டியம்மாளின் அலறல் கேட்டது. "ஐயோ, என் லெச்சுமி!"

இடுப்பில் துண்டைச் சுற்றிக்கொண்டு, எண்ணெய் சொட்ட, வழுக்கிக்கொண்டே ஓடினார் சங்கிலி. அலறல் கேட்டு நானும் மாடியிலிருந்து இறங்கினேன். பூனையும் வந்தது, வழக்கு விவரம் தெரிந்துகொள்ள. தொட்டிக்குள் செக்கர் வாயைப் பிளந்து நின்றது. லெச்சுமியின் தலை உள்ளே. உடம்பு பருமன், அதற்கு மேல் போகவில்லை. தங்க வால் மட்டும் வெளியே தொங்கி ஆடிக்கொண்டிருந்தது, படிக்கட்டில் ஒற்றைக்கால் வைத்துத் தொங்கும் பயணியைப் போல.

அதைப் பார்த்த மாத்திரத்தில் சங்கிலியின் கை தானாக விசிலுக்குப் போனது. கண்ணாடியில் வாயை ஒட்டினாற்போல வைத்து ஒரே விசில். நீளமான ஒற்றை விசில். என் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. தறிச் சத்தத்திலும் தூங்குகிற எங்கள் தெரு எழுந்துகொண்டது. தெருமுனையில் போய்க்கொண்டிருந்த ஆட்டோ நின்றது என்றார்கள். அது பெட்ரோல் தீர்ந்து நின்றதாகவும் இருக்கலாம். செக்கர் திடுக்கிட்டு வாயை இன்னும் பெரிதாகத் திறந்தது. லெச்சுமி பின்பக்கமாகவே இறங்கிவிட்டாள்.

"எறங்குறவுங்க எறங்கு!" என்றார் சங்கிலி, பழக்கதோஷத்தில்.

லெச்சுமிக்கு உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் நெற்றியில் செதில் உதிர்ந்திருந்தது. ஒரு சொம்புக்குள் அவளை எடுத்துவிட்டுப் பாண்டியம்மாள் அந்த நெற்றியையே குனிந்து பார்த்தார். மலையாண்டிதான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மெல்லக் கேட்டார்: "தங்கச்சி... அப்ப, புளியக் கரைச்சிரவா?"

சங்கிலி எண்ணெய்க் கையோடு தொட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கை வழுக்கியது. மறுபடி பிடித்தார். "வேணாம் மச்சான். தப்பு அதுமேல இல்ல. அது ஏறணும்னு கேக்கவும் இல்ல, இவுகளையெல்லாம் ஏத்தச் சொல்லவும் இல்ல. ஏத்துனது நானு. ஓவர்லோடு ஏத்துனா கண்டக்டர்மேலதான கேஸு? பஸ்ஸயா குழம்பு வைப்பாங்க?"

மலையாண்டிக்கு இந்தச் சட்டம் விளங்கவில்லை. தங்கை முகத்தைப் பார்த்தார். தங்கை செக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார். செக்கர் அந்தப் பக்கம் திரும்பப் பார்த்தது. மூக்கு ஒரு கண்ணாடியில் இடித்தது, வால் எதிர்க்கண்ணாடியில் மடங்கியது. மீசையை ஒதுக்கிக்கொண்டு கொஞ்சம் பின்வாங்கி, மறுபடி முயன்று, முடியாமல் இருந்த இடத்திலேயே நின்றது. செல்லூர்ச் சந்துக்குள் நுழைந்துவிட்ட லாரிகூட இவ்வளவு சிரமப்படாது.

"ஏங்க, இங்க பாருங்க. இவனுக்குக் கக்கத்துல பிடிக்குது" என்றார் பாண்டியம்மாள். குரல் மாறியிருந்தது. சாட்சியான நானே கவனித்தேன். அது கோபக் குரல் அல்ல, சட்டை இறுகிப்போன பிள்ளையை முன்னால் நிறுத்தி வைத்துப் பேசும் தையல்காரியின் குரல். "இவன் மூச்சு விடவே எடம் இல்ல. இதுல யாரத் திங்காம இருப்பான்? நீங்கல்லாம் என்ன அளவு எடுத்தீக? இன்னைக்கு இருக்க அளவுக்கா தைப்பாக? வளர்ற பிள்ளைக்குப் பாவாட தைச்சா, உள்ள மடிச்சு ரெண்டு டக்கு வச்சுத்தான் தைக்கணும். வருசம் ஒண்ணு பிரிச்சு விடுவாக. இந்தக் கண்ணாடியப் பிரிச்சு விட முடியுமா?"

கழுத்தில் கிடந்த இஞ்சு டேப்பை உருவினார். "அந்த இம்மானுவேலு தம்பி எம்புட்டு வளரும்னு சொல்லுச்சு?"

சங்கிலி குற்றவாளி போலக் கையை நீட்டித் தோள்பட்டையைத் தொட்டுக் காட்டினார். பாண்டியம்மாள் புருஷன் கையை நுனியிலிருந்து தோள் வரை அளந்தார். இவன் திரும்புவதற்கு இன்னொரு கை என்று அதே அளவை மறுபடி சேர்த்தார். அதற்கு மேல் டக்குக்கு என்று தனியாகக் கொஞ்சம் விட்டார். டேப்பை அந்த இடத்தில் கிள்ளிப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தார். பின்னால் எண்ணெய் சொட்டச் சங்கிலி, அவர் பின்னால் புளிப் பையோடு மலையாண்டி, அப்புறம் நான், கடைசியில் பூனை. டிவிச் சுவர் போதவில்லை. கட்டிலுக்கடியில் போதவில்லை. அடுப்படியில் நாங்களே போதவில்லை. கொல்லைப்புறம் போய்ச் சாயத் தொட்டியின் விளிம்பில் டேப்பை வைத்தார். டக்குக்கு விட்டது போகவும் ஒரு சாண் மிச்சம்.

தண்ணீரில் இன்னும் ஆவி பறந்தது. சீயக்காய்க் கிண்ணம் திண்டில் தொடாமல் இருந்தது.

"ஏய், அது எந் தொட்டிடீ" என்றார் சங்கிலி.

"செக்கரு ஏறுனா கண்டக்டர் எந்திரிச்சுதான நிக்கணும்?" என்றார் பாண்டியம்மாள்.

சங்கிலி தொட்டியைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்த கண்ணோடு மலையாண்டியின் மஞ்சள் பையைப் பார்த்தார். கையை விட்டு அடைப்பைப் பிடுங்கினார். அவருடைய ஞாயிற்றுக்கிழமை களகளவென்று வாய்க்காலில் ஓடியது.

அதன் பிறகு அந்தத் தொட்டியைக் கழுவிய கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். தேய்க்கத் தேய்க்கப் பழைய சாயம் விட்டது. முதல் தண்ணீர் குங்குமச் சிவப்பு, அடுத்தது மயில் நீலம், அதற்கடுத்தது இலைப் பச்சை. அந்தப் பச்சையில் வாய்க்காலில் குளித்த காக்கை ஒன்றைத் தேடிக் கிளிஜோசியக்காரர் எங்கள் தெருவுக்கு வந்தார். தண்ணீர் தெளிந்தும் சங்கிலிக்குத் திருப்தியில்லை. சிமெண்டின் காரம் போக வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, அதையும் கொட்டிவிட்டு, இம்மானுவேலை அழைத்துவந்து காட்டினார். இம்மானுவேல் தண்ணீரை முகர்ந்து, ருசித்து, காற்று மோட்டார் வைத்து, மேலே வலை கட்டிக் கொடுத்தார்.

"தொணைக்கு?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார் சங்கிலி.

"தனியாவே விடுங்கண்ணே."

"ஒத்த ஆளுக்கு ஒரு பஸ்ஸாப்பா?"

"ஆமாண்ணே. ஒத்த ஆளுக்கு ஒரு பஸ்ஸு."

இதுதான் அவரால் தாங்க முடியாமல் போனது. குளியல் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். இப்போது பம்படியில் வாளி வைத்து நின்றுகொண்டே குளிக்கிறார். ஆனால் டியூட்டி முடிந்து வந்ததும் தொட்டிக் கரையில் நின்று அந்தக் காலித் தண்ணீரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். "அம்புட்டு எடம் சும்மா கெடக்கு மாடிம்மா. பாத்தா வயிறு எரியுது" என்பார். செக்கர் மாத்திரம் ஒரு கவலையும் இல்லாமல் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போய், மீசை மடங்காமல், வால் இடிக்காமல் சாவகாசமாகத் திரும்பும். திரும்பும்போதெல்லாம் சங்கிலி பின்னால் நின்று, "வரலாம்... வரலாம்... ரைட்ல ஒடி... போதும்" என்று சன்னமாகச் சொல்லிக்கொடுப்பார். முன்னறைக் கண்ணாடித் தொட்டியில் லெச்சுமி ஒருத்தியாக ராஜ்ஜியம் நடத்துகிறாள். நெற்றிச் செதில் முளைத்துவிட்டது. பாண்டியம்மாள் சுத்திப் போட்டிருக்கிறார்.

மழை முடிந்து, பேரையூர்ப் பக்கத்துக் கண்மாய் நிறைந்தபோது மலையாண்டி மறுபடி வந்தார். இந்த முறை கையில் புளி இல்லை. ஒரு பெரிய தூக்குவாளி. அதற்குள் துள்ளத் துள்ளக் கெண்டைக் குஞ்சுகள். சட்டியை நினைத்த பாவத்துக்குப் பரிகாரம் போலிருக்கிறது.

"பாவம் மாப்ள, ஒண்டிக்கட்டையா கெடக்கு. தொணைக்குன்னு கண்மாயில எறங்கி நானே அரிச்சேன். எம்புட்டு அழகா இருக்குக பாரு. இம்புட்டுப் பெரிய தொட்டியில இதுகளுக்கு எடம் இல்லாமயா போச்சு?"

சங்கிலி வாளிக்குள் பார்த்தார். குஞ்சுகள் விளிம்பில் வந்து, வாயைத் திறந்து திறந்து மூடி, நிறுத்தத்தில் பையோடு நிற்கும் ஜனங்களைப் போல அவரைப் பார்த்தன. அவர் தொட்டியைப் பார்த்தார். அவ்வளவு இடம். மலையாண்டி வலையைத் தூக்கி வாளியைச் சரித்தார்.

சட்டென்று சங்கிலி குறுக்கே போய், பஸ் வாசலை மறிப்பது போல ஒரு கையைத் தொட்டிக்கு மேல் நீட்டினார்.

"எடம் இல்ல மச்சான். பின்னால வண்டி வருது."

சொல்லிவிட்டு, வாளியின் பக்கம் திரும்பாமல் முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, கழுத்துக் கயிற்றிலிருந்த விசிலை வாயில் வைத்து இரண்டு முறை ஊதினார்.